429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297: ஒரே எண், ஒன்பது கேள்விகள்

போன இதழில் 4294967297 என்ற எண்ணைக் கொடுத்து, இது பகா எண்ணா, இல்லை இரண்டு எண்களின் பெருக்கலாக உடையுமா என்று கேட்டிருந்தேன். உடையும். 641 × 6700417 என்று உடையும். சரியாக எழுதிய எல்லோருக்கும் வாழ்த்து. விடையோடு சேர்த்து நீங்கள் அனுப்பிய கேள்விகள் இருக்கின்றனவே, அவை என்னை இரண்டு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார வைத்துவிட்டன. அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை, முழுக்க இந்த எண்தான்.

கேள்வி: ஐயா, பத்து இலக்க எண் எத்தனையோ இருக்கும்போது இதை ஏன் எடுத்தீர்கள்? இதில் அப்படி என்ன விசேஷம்? (பிளஸ் டூ மாணவி, கோபிசெட்டிபாளையம்)

அம்மிணி, 2-ல் ஆரம்பித்து வர்க்கம் எடுத்துக்கொண்டே போய்ப் பாரு. 2, 4, 16, 256, 65536, 4294967296. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537, 4294967297. இதில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதுதான் நம்முடையது.

பிரான்சில் துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மற்ற நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஃபெர்மா 1640-ல் இந்த வரிசையைப் பற்றிக் கடிதம் எழுதினார். இப்படி வரும் எல்லா எண்ணும் பகா எண்தான் என்று நம்புவதாகச் சொன்னார், நிரூபணம் கையில் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். 65537 வரைக்கும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் அது அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்பவர் கணித மேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி விசாரித்தார். ஆய்லர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்புறம் பிடித்துக்கொண்டார். 1732-ல், 25 வயதில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்துகொண்டு, ஆறாவது எண் 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது என்று காட்டிவிட்டார். ஐந்து தடவை சரியாக வந்த ஒரு விஷயம் ஆறாவது தடவை உடைந்த இடம் இந்த எண். அதனால்தான் இதை எடுத்தேன்.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுறவனுங்க. மேசை மேல 12 இலக்க கால்குலேட்டர் இருக்கு. 3, 7, 11 என்று போட்டுக்கொண்டே போய் நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். 641-ஆல் வகுபடும் என்பதை வகுத்துப் பார்க்காமலே காட்ட வழி உண்டுங்களா? (திருப்பூர்)

உண்டுங்க. அதுவும் உங்கள் கால்குலேட்டரிலேயே அடங்கும்.

641-ஐ இரண்டு விதமாகப் பாருங்கள். ஒன்று, 641 = 640 + 1. அதில் 640 என்பது 5 × 128, அதாவது ஒரு ஐந்தும் ஏழு இரண்டுகளும் பெருக்கியது. இன்னொன்று, 641 = 625 + 16. 625 என்பது நாலு ஐந்துகளின் பெருக்கல், 16 என்பது நாலு இரண்டுகளின் பெருக்கல். இந்த இரண்டு முகமும் ஒரே எண்ணுக்கு இருப்பதுதான் சூட்சுமம்.

இப்போது 640-ஐ நாலு தடவை பெருக்குங்கள். 640 × 640 = 409600. அது 641 × 639-ஐ விட ஒன்று கூடுதல், ஆக 641-ஆல் வகுத்தால் மீதி 1. 409600-ஐ மறுபடி அதே எண்ணால் பெருக்கினால் 167772160000 வரும், சரியாகப் பன்னிரண்டு இலக்கம். மீதி 1 வந்ததையும் மீதி 1 வந்ததையும் பெருக்கியதால் இதற்கும் மீதி 1 தான். அடுத்து, இதே 167772160000-க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நாலு ஐந்தும் இருபத்தெட்டு இரண்டும் இருக்கின்றன. அதாவது 625 × 268435456.

625-க்குப் பதில் 641 போட்டுப் பெருக்கினால் 641 × 268435456 = 172067127296. இதுவும் பன்னிரண்டு இலக்கத்துக்குள் நிற்கும். 641-ன் மடங்கு என்பதால் மீதி 0. இரண்டையும் கழித்தால் 172067127296 − 167772160000 = 4294967296. மீதி பூஜ்யம் வரும் எண்ணில் இருந்து மீதி ஒன்று வரும் எண்ணைக் கழித்திருக்கிறோம், ஆகவே 4294967296 என்பது 641-ன் ஏதோ ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு. ஒன்றைக் கூட்டினால் குறை தீர்ந்தது. 4294967297-ஐ 641 மீதியில்லாமல் வகுத்தே ஆக வேண்டும்.

ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை பாருங்கள். எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு எனக்குச் சலிப்பதே இல்லை.

கேள்வி: வணக்கம். பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் நான். 641 என்று தெரிந்த பிறகு நிரூபிப்பது சரி. ஆய்லர் அந்த 641-ஐ எப்படித் தேடிப் பிடித்தார் என்பதை நீங்கள் எழுத வேண்டும். 3-ல் இருந்து வரிசையாக வகுத்துக்கொண்டு வந்தாரா? (தாராபுரம்)

வணக்கம் ஐயா. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வரிசையாக வகுத்தால் என்ன ஆகும்? 641 என்பது 116-ஆவது பகா எண். திருப்பூர்க்காரர் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவருக்கே கிடைத்திருக்கும். ஆனால் ஒருவேளை இந்த எண் உடையாததாக இருந்திருந்தால், அது பகா எண் என்று உறுதி சொல்ல 65536 வரைக்கும் உள்ள 6542 பகா எண்களையும் போட்டுப் பார்த்தாக வேண்டும். ஆய்லருக்கு ஐந்தே எண்கள் போதுமாக இருந்தன.

அது எப்படி என்பதைப் பார்க்க ஒரு தாளில் 1 என்று எழுதி இரட்டித்துக்கொண்டே போங்கள், 641-ஐத் தாண்டும்போதெல்லாம் 641-ஐக் கழித்துவிடுங்கள். 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512. அடுத்தது 1024, அதில் 641 போனால் 383. அப்புறம் 125, 250, 500, 359, 77, 154, 308, 616, 591, 541, 441, 241, 482, 323, 5. இந்த 5 வரும் இடத்தில் 25 தடவை இரட்டித்திருப்பீர்கள். அதற்கு மேல் சுலபம்: 10, 20, 40, 80, 160, 320, 640. இப்போது 32 தடவை ஆகியிருக்கும். நிற்கும் மீதி 640, அதாவது 641-க்கு ஒன்று குறைவு. 2-ன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 641-ஆல் வகுபடும் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

நிறுத்தாமல் இன்னும் இரட்டியுங்கள். 639, 637, 633, 625 என்று முன்னால் வந்த ஒவ்வொரு எண்ணும் 641-ல் இருந்து கழிந்த வடிவில் மறுபடி வரும், சரியாக 64-ஆவது அடியில் 1 வந்து சுற்று முடியும். அதற்கு முன்னால் முடியாது. ஏனென்றால் 64-ஆவது அடியில் 1 வருவதால் சுற்றின் நீளம் 64-ஐ வகுக்கும் எண்ணாகத்தான் இருக்க முடியும், 64-ஐ வகுக்கும் சின்ன எண்கள் எல்லாம் 32-ஐயும் வகுக்கும். சுற்று அப்படிச் சின்னதாக இருந்திருந்தால் 32-ஆவது அடியில் 1 நின்றிருக்க வேண்டும், அங்கே நின்றது 640.

அடுத்து, இந்தச் சுற்றில் வராத ஓர் எண்ணை எடுத்து, 3 என்று வையுங்கள், அதையும் இரட்டித்துக்கொண்டே போனால் அதுவும் 64 அடியில் 3-க்கே திரும்பும். முதல் சுற்றில் இருந்த எண் ஒன்றுகூட இதில் வராது. அதிலும் இல்லாத வேறொன்றை எடுத்தால் இன்னொரு 64. இப்படி 1-ல் இருந்து 640 வரை உள்ள எல்லா எண்ணும் 64, 64-ஆகப் பத்துக் கூட்டமாகப் பிரிந்துவிடும். ஆக 640 என்பது 64-ன் மடங்கு.

இதில் 641-க்கென்று தனியாக எதுவும் இல்லை, ஐயா. 4294967297-ஐ எந்தப் பகா எண் வகுத்தாலும் இதே கதைதான் நடக்கும்: 32-ஆவது அடியில் ஒன்று குறை, 64-ஆவது அடியில் சுற்று முடிவு, 64, 64-ஆகக் கூட்டம் பிரிதல். அதனால் அந்தப் பகா எண், 64-ன் ஏதாவது ஒரு மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது.

1878-ல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் இதை இன்னும் இறுக்கினார், 64 இல்லை, 128-ன் மடங்கோடு ஒன்று என்றார். காரணத்தை 641-லேயே காட்டலாம். 67 × 67 = 4489. 641 × 7 = 4487. மீதி 2. அதாவது இந்த மீதிக் கணக்கில் 67 என்பது 2-க்கு வர்க்கமூலம் மாதிரி நடந்துகொள்கிறது. இரட்டிப்பதற்குப் பதில் ஒவ்வொரு அடியிலும் 67-ஆல் பெருக்கினால் பாதிப் பாதி அடியாக நடப்பதாக ஆகும், சுற்று முடிய 128 அடி பிடிக்கும். வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதற்கும் இப்படி ஒரு வர்க்கமூலம் இருக்கும் என்று நிரூபிக்கலாம். அப்படியானால் பார்க்க வேண்டியவை 129, 257, 385, 513, 641. பகா எண்கள் 257-ம் 641-ம் மட்டும். அந்த 257-ம் தேவையில்லை, அது ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

116-ல் இருந்து ஐந்து, ஐந்தில் இருந்து இரண்டு, இரண்டில் இருந்து ஒன்று. இந்த எண்ணை நான் உங்கள் முன்னால் வைத்ததற்குக் காரணமே இதுதான். எண் பெரிதாக இருக்கிறது என்று மலைக்காமல், அதை வகுக்கக்கூடிய எண் எப்படி இருந்தாக வேண்டும் என்று யோசித்தவருக்கு வேலை கைக்கடக்கமாகிவிட்டது.

கேள்வி: சென்னிமலையில் தறி வெச்சிருக்கோமுங்க. எந்த நூலைத் தூக்கணும்னு தறிக்குச் சொல்ற ஜக்கார்டு அட்டையில ஓட்டை இருந்தா ஒரு மாதிரி, இல்லைன்னா வேற மாதிரி. கம்ப்யூட்டரும் அப்படித்தான்னு என் மகன் சொல்றான். உங்க எண்ணுக்கும் அதுக்கும் ஏதாச்சும் சம்பந்தம் உண்டுங்களா?

உங்கள் மகன் சொல்வது முழுக்க உண்மைங்க. ஓர் அட்டையில் ஓட்டை போட 32 இடம் இருக்கிறது என்றால், ஒவ்வோர் இடத்திலும் போடலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்தம் 4294967296 விதமான அட்டை அடிக்கலாம். எதிலுமே ஓட்டை இல்லாத அட்டையும் அதில் சேர்த்தி. நம் எண்ணுக்கு ஒன்று குறைவு. அட்டையில் ஓட்டை போட்டு இயந்திரத்துக்கு உத்தரவு சொல்லும் யோசனையை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு ஜக்கார்டு தறியில் இருந்துதான் எடுத்துக்கொண்டார்.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் கொடுக்கும் முகவரியின் பழைய முறையிலும் 32 இடம்தான், அதனால் உலகத்துக்கே 4294967296 முகவரி. 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பில் இருந்த கடைசிக் கட்டுகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 32 இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4294967295. நம் எண்ணை அந்த 32 இடத்துக்குள் திணித்தால் மேலே உள்ள ஓர் இடம் வெட்டுப்பட்டு வெறும் 1 என்று நிற்கும்.

4294967295 என்ற அந்த எண்ணையும் கொஞ்சம் பாருங்கள். 3 × 5 × 17 × 257 × 65537 என்று பெருக்கினால் அப்படியே அதுதான் வரும். ஃபெர்மாவின் வரிசையில் முதல் ஐந்து எண்களையும் பெருக்கினால் ஆறாவதற்கு இரண்டு குறைவு. தாராபுரம் ஆசிரியருக்கு 257 வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்: 257 ஏற்கெனவே 4294967295-ஐ வகுக்கிறது, 4294967297-ஐயும் வகுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டும், முடியாது. வரிசையில் எந்த இடத்தில் பார்த்தாலும் இது பொருந்தும், எந்த இரண்டுக்கும் பொதுவான காரணி கிடையாது. வரிசை முடிவே இல்லாமல் போகிறது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு புதுப் பகா காரணி வேண்டும், ஆகப் பகா எண்களுக்கும் முடிவில்லை. இதைக் கோல்ட்பாக் 1730-ல் ஆய்லருக்கு எழுதினார்.

கேள்வி: கோவையில் லேத் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். 17 பல் கியர் வெட்ட டிவைடிங் ஹெட் இருக்கிறது. வெறும் காம்பஸும் ஸ்கேலும் வைத்து வட்டத்தை 17 சம பாகம் பண்ண முடியும் என்று எங்கேயோ படித்தேன். நிஜமா?

நிஜம்தான். உங்கள் டிவைடிங் ஹெட்டில் 17 ஓட்டை வட்டம் உள்ள தட்டைப் போட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை இரண்டு முழுச் சுற்றும் ஆறு ஓட்டையும் நகர்த்துவீர்கள், கைப்பிடி 40 சுற்று சுற்றினால்தான் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும், அந்த 40-ஐ 17-ஆல் வகுத்தால் அதுதான் கணக்கு. அந்தத் தட்டே இல்லாமல் காம்பஸ், குறி போடாத ஸ்கேல் இரண்டை மட்டும் வைத்து 17 பாகம் பண்ண முடியும் என்று காஸ் என்ற ஜெர்மன் கணித மேதை 1796 மார்ச்சில் கண்டுபிடித்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது ஆகவில்லை. 17 இந்த வரிசையில் உள்ள எண் என்பதால்தான் அது முடிகிறது. 7-க்கும் 11-க்கும் 13-க்கும் முடியாது. முடியவே முடியாது என்பதை 1837-ல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் முழுசாக நிரூபித்தார்.

257-க்கும் 65537-க்கும்கூட முடியும். 65537 பக்க உருவத்துக்கு வழி எழுத ஹெர்மஸ் என்ற ஜெர்மன்காரர் பத்து வருஷம் செலவழித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் 4294967297 பக்க உருவத்துக்கு வழி இல்லை, அதன் காரணி 641 இந்த வரிசையில் இல்லாத பகா எண், அது குறுக்கே நிற்கிறது. ஆனால் அதற்கு இரண்டு பக்கம் குறைந்த 4294967295 பக்க உருவத்தைக் கொள்கையளவில் காம்பஸால் வரையலாம், ஏனென்றால் அது அந்த ஐந்து எண்களின் பெருக்கல். இன்று வரை தெரிந்ததில் ஒற்றைப்படை பக்கம் கொண்ட, வரையக்கூடிய மிகப் பெரிய ஒழுங்குப் பலகோணம் அதுதான்.

கேள்வி: ஃபெர்மா அவ்வளவு பெரிய கணக்காளர், ஒரு 641-ஐ எப்படித் தவறவிட்டார்? (பொள்ளாச்சி)

எனக்கும் இது ஆச்சரியம்தான். கருவி அவர் கையிலேயே இருந்தது. பகா எண்ணில் மீதிகள் இப்படிச் சுற்றி வரும் என்ற விதியே அவருடைய பெயரில்தான் இருக்கிறது. அதே 1640-ல் 137438953471 என்ற பன்னிரண்டு இலக்க எண்ணை, அதாவது 2-ன் 37-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்ததை, 223 வகுக்கும் என்று இதே மாதிரி வழியில்தான் கண்டுபிடித்தார். அந்த முறையை 4294967297-க்கும் போட்டிருந்தால் ஐந்தாவது எண்ணில் உடைத்திருப்பார். என் எண்ணம், அவர் வகுத்துப் பார்த்து எங்கேயோ ஒரு மீதியைத் தப்பாகப் போட்டிருக்க வேண்டும், அதற்கப்புறம் நம்பிக்கை முந்திக்கொண்டது. அதற்காக அவர் பெருமை ஒரு மாற்றுக்கூடக் குறையாது.

இன்னொரு சங்கதி. அமெரிக்காவில் பிறந்த ஸேரா கோல்பர்ன் என்ற எட்டு வயதுப் பையனை 1812-ல் லண்டனுக்குக் கூட்டி வந்து மனக்கணக்கு போடச் சொன்னபோது, இதே எண்ணைக் கேட்டார்கள் என்றும், அவன் 641 என்று சொன்னான் என்றும் அந்தக் காலத்துக் குறிப்புகளில் இருக்கிறது.

கேள்வி: 641 பகா எண் என்று சின்னப் பிள்ளைகூடப் பார்த்துவிடும். 6700417 பகா எண் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? (கரூர்)

நல்ல பிடி பிடித்தீர்கள். லூக்காவின் விதியை மறுபடி எடுங்கள். 6700417-ஐ வகுக்கும் பகா எண் நம் எண்ணையும் வகுக்கும், அதனால் அதுவும் 128-ன் மடங்கோடு ஒன்று கூடியதாக இருக்க வேண்டும். 6700417-ன் வர்க்கமூலம் 2588-க்கும் 2589-க்கும் நடுவில், அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. அந்த எல்லைக்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் மொத்தமே ஐந்து: 257, 641, 769, 1153, 1409.

வகுத்தால் வரும் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றுகூடப் பூஜ்யம் இல்லை. அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிய ஓர் எண், பகா எண் என்று ஐந்து வகுத்தலில் உறுதியாகிவிட்டது. தயவுசெய்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது.

கேள்வி: வகுத்தல், மீதி எல்லாம் இல்லாமல் வேறு வழியில் இது பகா எண் இல்லை என்று காட்ட முடியுமா? (உடுமலைப்பேட்டை)

முடியும். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 13 என்றால் 4 + 9, வேறு வழி இல்லை. நம் எண் 65536 × 65536 + 1 × 1 என்பது பிறவியிலேயே தெரிந்தது. அதே எண் 62264 × 62264 + 20449 × 20449 என்றும் வருகிறது. முதல் பெருக்கல் 3876805696, இரண்டாவது 418161601, கூட்டிப் பாருங்கள். இரண்டு விதம் கிடைத்துவிட்டது, ஆக இது பகா எண் இல்லை.

இதில் இருந்து காரணிகளையே கறந்துவிடலாம். இரண்டு விதத்தையும் சமன் செய்து இடம் மாற்றினால் 3272 × 127800 = 20448 × 20450. இதில் 3272-க்கும் 20448-க்கும் பொதுக் காரணி 8. 127800-க்கும் 20450-க்கும் பொதுக் காரணி 50. இந்த இரண்டிலும் பாதி 4, 25. அவற்றின் வர்க்கங்கள் 16 + 625, அதாவது 641. மேலே கால்குலேட்டர் கணக்கில் பார்த்த அதே 625-ம் 16-ம்! 3272-ஐ 8-ஆல் வகுத்தால் 409, 20448-ஐ வகுத்தால் 2556, இந்த இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் 6700417. அந்த 62264-ஐக் கண்டுபிடிப்பது பெரிய பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன், கிடைத்த பிறகுதான் எல்லாம் சுலபம்.

கேள்வி: இதனால எல்லாம் என்னங்க பிரயோஜனம்? இந்த வரிசையில இதுக்கப்புறம் பகா எண் வந்துச்சா? (நாமக்கல்)

பிரயோஜனம் உங்கள் போனிலேயே இருக்கிறது. பேங்க் ஆப்பில் பணம் அனுப்பும்போது விவரங்களை மறைத்து அனுப்பும் முறைகளில் ஒன்று, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்ததைப் பிரிப்பது கஷ்டம் என்பதை நம்பியே நிற்கிறது. அந்த முறையில் எல்லோரும் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் ஓர் எண் 65537, நம் எண்ணுக்கு நேர் முன்னால் உள்ளது. ஆனால் ஃபெர்மாவோ ஆய்லரோ பிரயோஜனத்துக்காக இதைத் தொடவில்லை. எனக்கும் அப்படித்தான், இந்த எண்ணைப் பிடித்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

வரிசையில் 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. 2-ன் 33-ஆம் அடுக்கை அடுக்காகப் போட்டு 2-ஐ உயர்த்தி ஒன்று கூட்டினால் வரும் எண்ணுக்கு 258 கோடிக்கு மேல் இலக்கங்கள், அது பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. நம் எண்ணுக்கு அடுத்தது 18446744073709551617. இதை 1880-ல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், 82 வயதில், கம்ப்யூட்டர் கால்குலேட்டர் எதுவும் இல்லாமல் உடைத்தார்.

அடுத்த இதழுக்கு உங்களுக்கும் அதுவேதான். அதன் சின்னக் காரணி மூன்று லட்சத்துக்குள் இருக்கிறது. 256-ன் மடங்கோடு ஒன்று கூடிய பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும், எண் 20 இலக்கம் என்பதால் மேசைக் கால்குலேட்டரில் நேராக அடங்காது, இரட்டித்துக் கழிக்கும் வழியில் போங்கள், இரட்டிப்பதற்குப் பதில் 2-ல் ஆரம்பித்து ஒவ்வோர் அடியிலும் வர்க்கம் எடுத்து மீதி பார்த்தால் ஒரு பகா எண்ணுக்கு ஆறே அடியில் முடியும். விடையோடு மீதி போட்ட தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.